இமாமின் மலையிலிருந்து இறங்கி வந்தவர்

அரபி நானா சொல்லும் கதையில் துருக்கிக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போனார்கள். முதல் தடவை சொன்னபோது இமாமைப் பிடிக்க மலையேறி வந்தவர்கள் ஆயிரம் பேர். டிக்கோயா ரோட்டில் அவர் சில்லறைக் கடை போட்ட காலத்தில் அது ஐயாயிரம் ஆனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத்தில், ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய வாரத்தில், முப்பதாயிரத்துக்குக் கீழே ஓர் ஆளைக்கூடக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் முக்பில். அது யார் வாயிலும் ஒழுங்காக நுழையாததால், அரபி அண்ணன் என்ற அர்த்தத்தில் அரபி நானா ஆனார். யமன் நாட்டு மலைக்கிராமத்தில் பிறந்து, ஏடனில் கப்பலேறி, கொதிகலன் அறையில் கரி அள்ளிப்போட்டுக் கொழும்பு வந்து, துணிமூட்டையைத் தோளில் சுமந்து மலைநாட்டு ஹட்டன் வரை ஏறியவர். ஏன் இங்கே தங்கினீர்கள் என்று கேட்டால், "குளிருச்சு, நின்னுட்டேன்" என்பார். இப்போது அறுபத்தைந்து வயது. இங்கே கட்டிய மனைவி ஸாலிஹா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் ரஸீனா கினிகத்தேனையில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். கடையில் வெற்றிலை, புகையிலை, கருவாடு, மண்ணெண்ணெய், அரிசி எல்லாம் கிடைக்கும். கதை மட்டும் சும்மா கிடைக்கும்.

அந்தக் கதையை டவுன் பள்ளிவாசலில் மட்டும் அவர் மூச்சுவிடமாட்டார். ஹட்டன் கடைத்தெரு முஸ்லிம்கள் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் துருக்கித் தொப்பி வைத்தவர்கள். துருக்கி சுல்தானின் ராஜ்யம் போய் முப்பது வருஷத்துக்கு மேலான பிறகும், ஜவுளிக்கடை ஹமீத் ஹாஜியார் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த சுல்தானின் பட்டாளத்தின் மீது பாறை உருட்டியவன் நான் என்று அங்கே எந்த வாயால் சொல்வது? போதாததற்கு முக்பில் ஸைதி என்ற ஷியாப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் ஊரில் தொழும்போது கையைக் கட்டுவதில்லை, பக்கவாட்டில் தொங்கவிடுவார்கள். ஹட்டனில் முதல் வெள்ளிக்கிழமையே நாலு பேர் திரும்பிப் பார்க்க, சட்டென்று கட்டிக்கொண்டார். கட்டிய கை இன்னும் அவிழவில்லை. ஆக, கதை கேட்க மிஞ்சியவர்கள் தோட்டத்து ஜனங்கள்தான். மாரியம்மனைக் கும்பிடும் அவர்களுக்குத் துருக்கி சுல்தானும் ஒரு துரை, அவ்வளவுதான்.

"எங்க மலையில இமாம்னா தொழ வைக்கிறவரு மட்டுமில்ல" என்றுதான் எப்போதும் தொடங்குவார். "நபி வம்சத்துல பொறந்திருக்கணும், ஓதிப் படிச்சிருக்கணும். அந்நியன் வந்து நாட்டைப் பிடிச்சா வாளெடுத்துக்கிட்டு முன்னால கெளம்பணும். கெளம்பாம வீட்டுல குந்தியிருந்தா அவரு இமாமே இல்ல."

அப்படிக் கிளம்பியவர்தான் நானாவின் இமாம். கதையில் அவர் ஆறடிக்கு மேல் ஒரு சாண் உயரம். வெள்ளைக் குதிரை. வாளை உருவினால் பள்ளத்தாக்கே பளபளக்கும். தலைநகரத்துக் கோட்டைக்குள் துருக்கிக்காரன் பீரங்கியோடு உட்கார்ந்திருக்க, சுற்றியுள்ள மலைகளில் இமாமும் பத்தொன்பது வயது முக்பிலும், கூட ஒரு சில ஆயிரம் குடியானவர்களும். சுற்றிவளைத்து, பட்டினிபோட்டு, கடைசியில் கோட்டைக்கதவைத் திறக்கவைத்தார்கள். இமாம் முக்பிலின் முதுகில் தட்டி "சிங்கம்!" என்றார். இந்த இடத்தில் நானா ஒரு வெற்றிலை மடிப்பார்.

அந்த வருஷம் ஊசிமலைத் துரை, ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினான். கைப்பிள்ளைக்காரி ராக்காயி தேயிலை மலையில் நின்று எதிர்த்துப் பேசினாள். மறுநாளே வேலைப் பதிவில் அவளுடைய பெயரை வெட்டி, வரிசை வீடான லயத்தில் அவள் இருந்த காம்பராவைக் காலிபண்ணச் சொன்னார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அழகுமுத்து சாயந்தரம் எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டினார். பேசிப் பார்த்தார். ஜனங்கள் தலையைச் சொறிந்தார்கள். அவர் நேராகக் கடைக்கு ஆளனுப்பினார்.

"நானா, உங்க இமாம் கதையச் சொல்லுங்க. நான் சொன்னா ஏறமாட்டேங்குது."

முக்பில் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன அழகை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. முந்நூறு முகங்கள் அண்ணாந்து பார்க்கின்றன, எந்த மனுஷனுக்குத்தான் தலைகால் புரியும்? வழக்கமான கதைக்குக் காது மூக்கு வைத்து முடித்த பிறகும் நிறுத்தத் தெரியாமல், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டார்.

"இமாம் கையில கைய வச்சு, என் பொண்டாட்டி வயித்துல இருந்த புள்ள மேல சத்தியம் பண்ணினேன். ஜெயிக்கிற வரைக்கும் மலைய விட்டு எறங்கல!"

அழகுமுத்து தட்டில் சூடத்தை ஏற்றினார். ராக்காயிக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும்வரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் தன் தலைமேல் செய்தார், இன்னொருவர் செத்துப்போன ஆத்தாள் பேரில் செய்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவின் முறை வந்தது. நானாவுக்கு இருபது வருஷத்துக் கூட்டாளி, கடைப் பெஞ்சில் தினமும் உட்காருகிறவன். சூடத்தை ஓங்கி அடித்தான்.

"எம் மக லெட்சுமி வயித்துப் புள்ள மேல சத்தியம்! நான் வேலைக்கு எறங்கினா அது தங்காது!"

ஆறு மாதக்காரியான லெட்சுமி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். முக்பில் கோயில் படியிலிருந்து எழுந்து கடைக்கு நடந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். தன் நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

ஏனென்றால் அந்த இமாமுக்குக் குதிரையே கிடையாது. ஒரு கழுதை இருந்தது, அதுவும் பாதி நாள் நொண்டும். குள்ளமான மனிதர். வலதுகை விரல்களில் எப்போதும் மை. பகலெல்லாம் கூடாரத்தில் உட்கார்ந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மலைக்குலத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். எழுதும்போதே கண் சொருகும், தலை சாயும், திடுக்கிட்டு விழித்து விட்ட இடத்திலிருந்து எழுதுவார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய வரட்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பார். எதிரியைப் பற்றிக் கத்திப் பேசி ஒருநாளும் முக்பில் கேட்டதில்லை. அப்படி அலுத்துப்போன ஒரு மனிதரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் பாதிப்பேர் அந்தக் குளிரில் கிடந்தார்கள்.

சத்தியம் நடந்தது உண்மைதான். ஆனால் பிள்ளையின் பெயரை எடுத்ததும் இமாம் தன் கையை இழுத்துக்கொண்டார். "அல்லாஹ்வின் பேரில் மட்டும் சொல். பிறக்காத பிள்ளையை நம் சண்டைக்குள் இழுக்காதே" என்றார். முக்பிலுக்கு அப்போது பத்தொன்பது வயது. சொன்னது சொன்னதுதான் என்று முறைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது மாதம், அவருடைய கிராமத்து வழியாகத் துருக்கிப் பட்டாளம் போனதென்று செய்தி வந்தது. அங்கே கட்டிய மனைவி ஸபிய்யாவுக்கு அப்போது எட்டு மாதம். யாரிடமும் சொல்லாமல், விடியும் முன்னே மலையை விட்டு இறங்கினார். ஊரில் கூரைகள் இல்லை. ஓர் ஆடுமேய்க்கி மட்டும் இருந்தான். சில பேர் கடற்கரைப் பக்கம் போனார்கள், சில பேர் எங்கும் போகவில்லை என்றான். ஸபிய்யா எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. முக்பில் கடற்கரை முழுவதும் தேடினார், ஏடன் வரை தேடினார். ஏடனில்தான், இமாமும் துருக்கிக்காரனும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார். ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. ஆளுக்குப் பாதி. மலைக்குத் திரும்பிப்போக முகமில்லை. கப்பலில் கரி அள்ள ஆள் வேண்டும் என்றார்கள்.

அவ்வளவுதான் கதை. அதை அப்படியே சொன்னால் யார் கேட்பார்கள்?

வேலைநிறுத்தம் முப்பத்தெட்டு நாளாகியும் முடியாமல் இழுத்தது. தோட்டத்தில் கொடுக்கும் அரிசியைத் துரை முதல் வாரமே நிறுத்திவிட்டான். நானாவின் கடையில் இருந்த அரிசி மூன்றாவது வாரத்தோடு லயங்களுக்குப் போய்த் தீர்ந்தது. டவுன் மொத்தக்கடைக்காரர்கள் மேற்கொண்டு மூட்டை அனுப்ப மறுத்துவிட்டார்கள். ஜனங்கள் வல்லாரையையும் பலாக்கொட்டையையும் அவித்துத் தின்றார்கள். சாயந்தரங்களில் அழகுமுத்து வந்து, "நானா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கூப்பிடுவார். காய்ச்சல், முழங்கால் வலி என்று முக்பில் தட்டிக்கழித்தார். கடை வாசலில் உட்கார்ந்து லயத்தைப் பார்ப்பதற்கே அலுப்பாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம், தூறலில் நனைந்துகொண்டு வீரய்யா வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த ஒரு மாதத்தில் அவன் கழுத்து பாதியாக இளைத்திருந்தது.

"உக்காரு வீரய்யா."

"லெட்சுமிய டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் நானா. காலு வீங்கிப்போச்சு. ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டா. உடம்புல ரத்தமே இல்லையாம். சோறு குடுய்யா, சோறு இல்லாட்டி தாயும் தங்காது, புள்ளையும் தங்காதுன்னு நர்சம்மா திட்டுறாங்க."

"மருமகன்?"

"பட்டிப்பொல பக்கம் மரக்கறித் தோட்டத்துல கூலி தேடிப் போனவன்தான். ஒரு சேதியும் இல்ல." வீரய்யா முகத்தைத் துண்டால் துடைத்தான். "நாளைக்கிக் காலையில பெரட்டுக்கு வர்றவங்களுக்கு அரிசி குடுக்குறாங்களாம். துரையோட மேற்பார்வைக்காரரு கண்டாக்கையா லயம் லயமாச் சொல்லிட்டுப் போறாரு."

முக்பில் காலியாய்க் கிடந்த அரிசிச் சாக்கைப் பார்த்தார்.

"போனா, சத்தியம் அந்தப் புள்ளையத் தின்னுப்புடும். போகாட்டி, பசி தின்னுப்புடும். மத்தவங்கல்லாம் அவங்க அவங்க தலையில அடிச்சுச் செஞ்சாங்க. நான் ஒருத்தன்தான் புத்தி கெட்டுப்போய்ப் புள்ளைய இழுத்துட்டேன். நானா, நீங்க இதே சத்தியம் பண்ணினவரு. கடைசி வரைக்கும் நின்னவரு. உங்க வாயால சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

போ என்று சொன்னால் போதும் என்று முதலில் முக்பிலுக்குத் தோன்றியது. ஆனால் நின்று ஜெயித்தவன் போ என்றால் யார் நம்புவார்கள்? பாவம் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் வீரய்யா நினைப்பான். காலையில் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே பயம் பிடித்துத் திரும்பிவிடுவான். அவனுக்கு வேண்டியது புத்திமதி இல்லை. சத்தியத்தை முறித்தும் உருப்படியாக இருக்கிற ஒருவன் வேண்டும்.

"வீரய்யா, நான் பாதியில எறங்கினவன்."

"எங்கேருந்து?"

"மலையிலேருந்து. இமாமை விட்டுட்டு, யாருக்கும் சொல்லாம, மூணாம் மாசமே எறங்கிட்டேன். கோட்டை தொறந்ததயும் நான் பாக்கல. சிங்கம்னு என்னைய யாரும் சொல்லல. அதெல்லாம் நான் விட்ட கதை."

வீரய்யா தூணிலிருந்து கையை எடுத்தான். தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அத நம்பித்தானே நானா நான் சூடத்துல கைய வச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா முப்பத்தெட்டு நாளு வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"வெக்கம்" என்றார் முக்பில். "வேற ஒண்ணுமில்ல. வெக்கம்."

வீரய்யா இப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தான். அடிக்க வருவான் என்று முக்பில் எதிர்பார்த்தார். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு, கேட்கவே பயந்தவன் போல மெதுவாகக் கேட்டான்.

"அந்தப் புள்ள என்னாச்சு நானா? நீங்க சத்தியம் பண்ணின புள்ள?"

நாற்பத்தாறு வருஷமாக முக்பில் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் சுற்றிப்போய்க்கொண்டிருந்த கேள்வி அது. தொழுகையில் துஆ கேட்கும்போதுகூட ஸபிய்யாவின் பெயரோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் போனால், பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று அல்லாஹ்விடம் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெரியாது என்பதுதான் உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வீரய்யா எழுந்து லயத்துக்குப் போவான், லெட்சுமி பட்டினி கிடப்பாள்.

"நல்லா இருக்கான்" என்றார்.

"ஆம்பளப் புள்ளையா?"

"ஆம்பளப் புள்ள."

"நெசமாவா நானா?"

"நாப்பத்தாறு வயசு. மூணு புள்ளைங்க. ஊருலயே வெவசாயம் பாக்குறான். கடுதாசி போடுவான்."

"பேரு?"

முக்பில் தயங்கினார். வாயில் வந்தது அவருடைய தகப்பனாரின் பெயர். "இஸ்ஸதீன்" என்றார்.

வீரய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரிய மனுஷன், தோள் குலுங்கக் குலுங்க அழுதான். முக்பிலுக்கு அழுகை வரவில்லை. மகனுக்கு மூன்று பிள்ளைகள் என்று எப்படிச் சொன்னோம், நாலு என்று ஏன் சொல்லவில்லை என்று மனம் அதையே சுற்றியது.

மறுநாள் காலையில் வீரய்யா பெரட்டுக்களத்துக்குப் போனான். "கருங்காலி!" என்று லயத்து வாசல்களிலிருந்து கத்தினார்கள். யாரோ சாணி எறிந்தார்கள். அதற்கடுத்த நாள் ஏழு வீட்டுக்காரர்கள் அவன் பின்னால் போனார்கள். நாலாம் நாள் சங்கத்துப் பெரியவர்கள் கொழும்பில் பேசி முடித்துவிட்டதாகத் தந்தி வந்தது. கொழுந்தில் கூட்டிய அளவில் பாதியைக் குறைப்பார்கள். ராக்காயி வேறு தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். அவள் தகரப்பெட்டியைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனபோது முக்பில் எழுந்து நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அழகுமுத்து கடைக்கு வந்தார். உள்ளே ஏறாமல் ரோட்டிலேயே நின்றார்.

"நீங்க பாதியில ஓடியாந்தவராமே. வீரய்யா சொல்றான்."

"ஆமா தம்பி."

"இன்னும் ஒரு வாரம் நின்னிருந்தா ராக்காயிக்குப் பேரு கெடச்சிருக்கும். முன்னமே சொல்லியிருக்கலாமே நீங்க."

"முன்னமே சொல்லியிருந்தா நீங்க என்னையக் கூப்பிட்டிருக்கமாட்டீங்க."

அழகுமுத்துவுக்கும் சோர்வுதான். காறித் துப்பப்போனவர், என்ன நினைத்தாரோ, விழுங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கடையில் கதை கேட்க ஒருவரும் உட்காரவில்லை. வெற்றிலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பதாயிரம் துருக்கிக்காரர்களும் ஒரே வாரத்தில் ஒழிந்துபோனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரய்யா வந்தான். இன்னமும் லயத்தில் அவனோடு பலர் பேசுவதில்லை. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"பொம்பளப் புள்ள நானா. டிக்கோயா ஆஸ்பத்திரியில. கோழிக்குஞ்சாட்டம்தான் இருக்கு. ஆனா கத்துற கத்து இருக்கே, வார்டே எந்திரிச்சுருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் முக்பில். நிஜமாகவே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரு ராத்தல் சீனியைச் சுற்றி அவன் கையில் கொடுத்தார்.

வீரய்யா போகவில்லை. மடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துப் பலகைமேல் வைத்தான். வெளிநாட்டுக்கு அனுப்பும் தபால்தலையும் ஒட்டியிருந்தது.

"தபால் கந்தோர் ஐயாகிட்டக் கேட்டு வாங்கினேன். உங்க மகனுக்கு எழுதுங்க நானா. நீ நல்லா இருக்குறதக் கேட்டுத்தான் எங்க புள்ள பொழைச்சுதுன்னு எழுதுங்க. அவருக்கும் தெரியட்டும். நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

"பொறவு எழுதுறேன் வீரய்யா."

"இப்பவே எழுதுங்க. நான் இருக்கேன்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். முக்பில் கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். வலதிலிருந்து இடமாக நாலு வரி கிறுக்கி அனுப்பிவிடலாம், வீரய்யாவுக்கு அரபும் தெரியாது, எதுவும் தெரியாது. உறையின்மேல், கூரையில்லாமல் விட்டுவந்த அந்தக் கிராமத்தின் பெயரை எழுதினார். பெயரை இஸ்ஸதீன் பின் முக்பில் என்று எழுதினார். எழுத்து அத்தனை வருஷத்துக்குப் பிறகும் கோணாமல் வந்தது.

தாளில், "மகனே" என்று எழுதினார். பேனா நின்றது. பிறகு, "நான் மலையை விட்டு இறங்கியது உன்னைத் தேடித்தான்" என்று எழுதினார். அதற்குப் பிறகு பேனாவை நிறுத்த முடியவில்லை. முதல் பக்கம் நிறைந்து மறுபக்கமும் நிறைந்தது. கொப்பியிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தார்.

"மெதுவா எழுதுங்க" என்றான் வீரய்யா. "தபால் கந்தோர் நாளைக்கித்தான் தொறக்கும்."